தகப்பன்சாமிகள்

"அவனுக்கு எல்லாம் தெரியுமாம் சார். நாம் வாயைத் திறந்தாலே போனைப் பார்த்துவிட்டு, தப்பு என்கிறான்." காலை நடைக்கு என்னோடு வருகிறவர்களில் பாதிப் பேர் தினமும் இதைத்தான் சொல்கிறார்கள். பேச்சு பேரனைப் பற்றி. வயது 15, 16. கூடவே ஒரு பெருமூச்சு: "நம் காலத்தில் அப்பா எதிரே நின்று பேசியிருப்போமா?"

அந்தப் பெருமூச்சில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. நின்று பேசவில்லை, நிஜம். அப்பா திண்ணையில் இருந்தால் கொல்லை வழியாக உள்ளே போனோம். சினிமாவுக்குக் காசு வேண்டுமென்றால் அம்மா மூலமாக மனு. அதனால் அடக்கமாக இருந்தோம் என்று அர்த்தமா? 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குத் தெருவில் இறங்கியவர்கள் மாணவர்கள். எந்தப் பையன் அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனான்? மீசை முளைக்கும் வயதில் டில்லி சர்க்காரையே தப்பு என்று சொன்ன தலைமுறை நம்முடையது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு நமக்கும் இருந்தது. வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்றைய பிள்ளை வீட்டிலேயே சொல்லிவிடுகிறான். அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று பெற்றவர்களுக்குத் தெரிகிறதே, அது லாபம்தான்.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலை, பிரணவத்துக்குப் பொருள் சொல்லித் தகப்பனுக்கே குருவான பிள்ளையின் கோயில். சிவபெருமான் கைகட்டி வாய்பொத்திக் கேட்டார் என்பது புராணம். கோயில் அமைப்பும் அப்படியே. சுந்தரேஸ்வரர் கீழே, சுவாமிநாதன் மேலே. பிள்ளையைப் பார்க்க 60 படி ஏற வேண்டும். படிக்கு ஒன்றாகத் தமிழ் வருஷங்களின் பெயர். (ஆண்பிள்ளைக்குப் புத்தி வர அத்தனை வருஷம் ஆகும் என்று அதற்கு என் மனைவி விளக்கம் சொல்வாள்.) இதே பிள்ளைதான் ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனி மலைக்குப் போனதும். தகப்பனுக்குப் பாடம் சொல்லும் அறிவும், பழம் கிடைக்காத கோபமும் ஒரே ஆளிடம்! பதினாறு வயது என்றால் அதுதான்.

மருத்துவர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். விளைவை யோசித்து அவசரத்தை அடக்குகிற, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி 25 வயதையொட்டித்தான் முழுதாக முதிர்கிறதாம். விஷய ஞானம் முன்னால் ஓடிவிடுகிறது, நிதானம் பின்னால் வருகிறது. அதுவரை பெற்றவர்கள் என்ன செய்வது?

விஷய ஞானத்தில் விட்டுக்கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. எந்த ரயில் எத்தனை மணிக்கு, எந்தப் படிப்புக்கு என்ன கட் ஆஃப், இதிலெல்லாம் அவன் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. "சரிடா, நீ சொன்னதுதான் சரி" என்றால் நம் பென்ஷன் குறைந்துவிடாது.

வண்டிச் சாவி வேறு விஷயம். அதில் எந்த வாதத்துக்கும் மசியக் கூடாது. "அப்பாவைவிட நான் நன்றாக ஓட்டுவேன்" என்பான், ஓட்டவும் ஓட்டுவான். எதிரே மணல் லாரி வரும்போது வேண்டியது அந்தத் திறமை மட்டும் இல்லையே. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 நிரம்பாத பிள்ளை வண்டியில் போய்க் குற்றம் செய்தால் வண்டி கொடுத்தவருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், அப்பன் மறுத்த சாவியைப் பாசத்தில் எடுத்துக் கொடுப்பது நம்மைப் போன்ற தாத்தாக்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா வாதத்திலும் ஜெயிக்கிற அப்பாக்களைப் பார்க்கிறேன். குரலை உயர்த்தி, "நான் சம்பாதிக்கிறேன், நீ சாப்பிடுகிறாய்" என்று முடித்துவிடுகிறார்கள். பையன் அதோடு தன் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை, சொல்வதை நிறுத்திக்கொள்கிறான். அப்புறம் ஆன்லைன் விளையாட்டில் பணம் போனாலும், பள்ளியில் யாராவது மிரட்டினாலும், மார்க் சறுக்கினாலும் வீட்டுக்குத் தெரிவது கடைசியில்தான். சில வீடுகளில் தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கிறது. திமிராகப் பேசுகிற பிள்ளையைவிட, கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருக்கிற பிள்ளைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அறிவுரையைக் குறைத்து, பொறுப்பான வேலை கொடுத்துப் பாருங்கள் என்று என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். மளிகைக் கணக்கு, கேஸ் புக்கிங், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருவது. தப்பினால் வீடு கஷ்டப்படும் என்கிற வேலையாக இருக்க வேண்டும். நவம்பரில் என் ஆயுள் சான்றிதழைப் பேரனிடம்தான் ஒப்படைத்தேன். "ரெண்டு நிமிஷ வேலை, தாத்தா" என்றான். ஆதார் எண்ணைப் போட்டான், என் முகத்தைக் காட்டச் சொன்னான், கண்ணை மூடித் திறக்கச் சொன்னான். அப்புறம் திரையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றான்.

"தாத்தா, பி.பி.ஓ. நம்பர்னா என்ன?"

பீரோவிலிருந்து பழைய பைலை எடுத்து, பென்ஷன் ஆர்டர் என்றால் என்ன, அது எப்படி வந்தது, கம்யூட்டேஷன் எதற்கு என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். போனை எடுக்காமல் கேட்டான்.