கண்ணில் படும் உரிமை

விடிவதற்கு முன் அண்ணா சாலையிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ போனவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்திருக்கக்கூடும். நடுத் தடுப்பை ஒட்டிக் குனிந்து, ஓரத்தில் சேர்ந்த மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் வண்டிகள் சீறிக்கொண்டு போகும். அந்த வண்டிகளிடமிருந்து அவர்களைக் காக்க இருப்பது சேலைக்கு மேல் மாட்டிய ஒரு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் மட்டும்தான். பல நேரங்களில் அதன் நிறம் வெளுத்திருக்கும், பட்டை உரிந்திருக்கும். ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் மட்டும் அழியாமல் இருக்கும்.

சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் ஜாக்கெட்டைப் பற்றித் தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். சாதி கோயில் வாசலிலும் சுடுகாட்டுப் பாதையிலும் மட்டும் இருப்பதாக நினைத்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் யாருக்கு எந்தத் துணி போதும் என்று முடிவெடுக்கும் கொள்முதல் கோப்பிலும் சாதி இருக்கிறது. அதைப் படிக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் இந்த ஜாக்கெட் எப்படி உயிரைக் காக்கிறது என்று பார்ப்போம். இதில் இரண்டு பொருள்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் துணி, சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. பகலிலும், மேகமூட்டத்திலும், அந்தி நேரத்திலும் அது பளிச்சென்று தெரிவது இதனால்தான். சூரியன் மறைந்த பிறகு அந்தத் துணியால் பெரிய பயன் இல்லை. இரவில் காப்பது சாம்பல் நிறப் பட்டை. அதில் பதிந்திருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள், தம்மீது விழும் முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் ஓட்டுநரின் கண்ணுக்கு அது எரிவதுபோல் தெரிகிறது.

இதை ஒரு சின்னக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. ஓட்டுநர் ஆளைப் பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குள் சுமார் 25 மீட்டர் போய்விடும். அதன்பின் வண்டி நிற்க, காய்ந்த சாலையில்கூட இன்னும் 20 மீட்டர் வேண்டும். அடர்நிறச் சேலை கட்டிய ஒருவர் 30 மீட்டர் தூரத்தில்தான் கண்ணில் படுகிறார் என்றால், ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரைக் காப்பாற்ற முடியாது. மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். நல்ல பட்டை அந்தத் தூரத்தைப் பல மடங்கு நீட்டுகிறது. உயிர் பிழைப்பதற்கான அவகாசம் அந்தக் கூடுதல் மீட்டர்களில்தான் இருக்கிறது.

எது நல்ல ஜாக்கெட் என்பதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15809 இத்தகைய உடைகளுக்கான தரம்தான். பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 20471 இவற்றை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகுப்புக்குக் குறைந்தது 0.50 சதுர மீட்டர் ஒளிர் துணியும் 0.13 சதுர மீட்டர் பிரதிபலிப்புப் பட்டையும் வேண்டும். பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது 5 சென்டிமீட்டர் அகலப் பட்டை ஒரு ஜாக்கெட்டில் குறைந்தது 2.6 மீட்டர் நீளத்துக்கு ஓட வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு இந்த அளவுகள் 0.80, 0.20 என்று உயர்கின்றன. கையில்லாத ஜாக்கெட் மட்டும் அணிந்து அந்த வகுப்பை எட்ட முடியாது. கை வைத்த மேலாடையோ முழுக்கால் உடையோ வேண்டும். வேகமான வண்டிகள் ஓடும் சாலையில் இருட்டில் வேலை செய்பவருக்குப் பொருந்துவது இந்த மூன்றாம் வகுப்புதான்.

இனி நம் தெருவில் கூட்டுபவரின் ஜாக்கெட்டைப் பாருங்கள். வலைத்துணி, இரண்டு விரல் அகலம்கூட இல்லாத பட்டை, முதுகு முழுவதும் நிறுவனத்தின் பெயரும் சின்னமும். விளம்பரம் அச்சிட்ட இடம் ஒளிர் துணியின் கணக்கில் குறைந்துவிடும். பட்டை பலவற்றில் வெறும் பளபளப்பான பிளாஸ்டிக்தான். கடை வெளிச்சத்தில் மினுக்கும், சாலை இருட்டில் செத்துக் கிடக்கும். பெண்களின் உடம்புக்கோ சேலைக்கோ ஏற்ற அளவு இருக்காது. முந்தானையை எடுத்து மேலே போட்டால் முன்பக்கப் பட்டை மறைந்துவிடும். நல்ல ஜாக்கெட்டில்கூட எத்தனை முறை துவைக்கலாம் என்று உள்பக்க அட்டையில் அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் போனால் அது வெறும் சட்டைதான். குப்பையோடு புழங்கும் உடையைத் தினமும் துவைத்துத்தான் ஆக வேண்டும். அப்படியானால் ஆண்டுக்கு ஒரு ஜாக்கெட் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அதை அணிந்து ஒரு நாளும் சாலையில் குனியாதவர்களின் மேசையிலிருந்து வந்தது.

உழைக்கும் சாதிகளுக்கு எந்தத் துணி போதும் என்று மேலிருந்து முடிவு செய்வது நமக்குப் புதிதல்ல. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு சாணார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தது. அந்த ஆணையிலும் ஒரு நிபந்தனை இருந்தது. முரட்டுத் துணி உடுத்தலாம், குப்பாயம் போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. உரிமையைக் கொடுக்கும்போதே அதன் தரத்தைக் குறைத்துக் கொடுப்பது சாதியின் பழைய வழக்கம். இன்றைய கொள்முதல் கோப்பில் சாதியின் பெயர் இருக்காது. மிகக் குறைந்த விலைப்புள்ளி என்று இருக்கும். ஆனால் அந்த மலிவுத் துணியை யார் முதுகு சுமக்கிறது என்று பார்த்தால் கணக்கு புரியும். இந்த மாநிலத்தில் துடைப்பம் பிடிப்போரில் பெரும்பகுதி தலித்துகள், அவர்களிலும் அருந்ததியர் கணிசமானோர். துப்புரவுத் தொழிலாளி என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயருக்குக் கிடைத்த மரியாதை துணிக்குக் கிடைக்கவில்லை.

தனியார்மயம் இந்த அலட்சியத்தை லாபமாக மாற்றுகிறது. 2025 ஆகஸ்டில் சென்னையின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் விட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அன்று அவர்கள் கேட்டது வேலைப் பாதுகாப்பும் ஊதியமும். ஜாக்கெட்டின் கதையும் அதே கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது: என் முதலாளி யார்? மாநகராட்சியைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் காட்டும். ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரைக் காட்டுவார். இந்தச் சங்கிலியில் பட்டையிலிருந்து குறைக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் யாரோ ஒருவரின் பைக்குப் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தொழிலாளருக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்புக் கருவிகளைப் பட்டியலிடுகின்றன. பிரதிபலிப்பு ஜாக்கெட்டும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் தெருக் கூட்டுபவரை உள்ளடக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை வேறு பல காரணங்களுக்காக நாம் எதிர்க்கிறோம். ஆனால் தொழிலாளியின் பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் அவரிடமே பணம் பிடிக்கக் கூடாது என்று அதுவும் சொல்கிறது. ஜாக்கெட் கிழிந்தது, தொலைந்தது என்று சம்பளத்தில் கைவைக்கும் மேற்பார்வையாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவ அரசை விடக் கூடாது. பணியிடப் பாதுகாப்பின் பாலபாடமே ஆபத்தை முதலில் அகற்று, முடியாவிட்டால் ஆளை அதிலிருந்து விலக்கு, உடம்பில் மாட்டும் கவசம் கடைசி வழி என்பதுதான். மலக்குழிக்குள் விஷவாயுவால் சாகும் மனிதருக்கு ஒளிரும் பட்டை எதற்கு உதவும்? அங்கே தீர்வு எந்திரம்தான், ஆளை இறக்காமல் இருப்பதுதான். மேம்பாலத்தைக் கூட்டவும் எந்திரம் இருக்கிறது. ஆள்தான் கூட்ட வேண்டும் என்றால் ஒரு தடத்தை அடைத்து, கூம்புகள் வைத்து, விளக்கு எரியும் வண்டியைப் பின்னால் நிறுத்தட்டும். மலக்குழி மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே ஒழிய மரணம் நின்றபாடில்லை.

இதைப் படிக்கும் இளைஞர்கள் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. உங்கள் பகுதியில் கூட்டுபவரிடம் பேசுங்கள். அவர் அனுமதித்தால் பத்து மீட்டர் தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, அவர் ஜாக்கெட்டின் மீது அடித்துப் பாருங்கள். பட்டை எரிவதுபோல் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் அந்த ஜாக்கெட் பொய். உள்பக்க அட்டையில் தர எண்ணும் வகுப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் உள்ளாட்சியைக் கேளுங்கள்: எந்தத் தரத்தில் வாங்கினீர்கள், ஆய்வகச் சான்று எங்கே, ஒருவருக்கு ஆண்டுக்கு எத்தனை, கடைசியாகக் கொடுத்த தேதி என்ன? வந்த பதிலைத் தொழிற்சங்கத்திடம் கொடுங்கள். போராட்டத்தை அவர்கள் நடத்துவார்கள், சான்றுகளோடு நாம் பக்கத்தில் நிற்போம்.

நம் கோரிக்கைகள் இவை: தெருக் கூட்டுவோர் அனைவருக்கும் தர முத்திரை பெற்ற, இரவுப் பணிக்கு மூன்றாம் வகுப்பு உடை. பெண்களுக்கென்று தைத்த அளவுகள். பட்டை மங்கியதும் கேள்வி கேட்காமல் மாற்று. துவைக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு. எந்த உடை வாங்குவது என்று முடிவெடுக்கும் குழுவில் அதை அணியப்போகும் பெண்கள். இவற்றோடு, இந்த வேலையில் தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகங்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டுக்கு முடிவு.

இந்த மக்களைத் தீட்டு என்று ஒதுக்கவும், தூரத்தில் நிறுத்தவும், சேரியைத் தனியே காட்டவும் ஊருக்கு எப்போதும் கண் தெரிந்தது. அதிகாலையில் அதே மனிதர் தன் வண்டிக்கு முன்னால் குனிந்திருக்கும்போது மட்டும் ஏன் தெரியாமல் போகிறது என்று ஊர் பதில் சொல்லட்டும்.