பிளாக்கிக்கும் ஓர் அறை

'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு' என்று போட்டிருந்தது. நம்பி முன்பணம் கட்டிவிட்டேன். ஈப்போவில் போய் இறங்கியதும் ஹோம்ஸ்டே வீட்டுக்காரர் பிளாக்கியைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார். அவர் நினைத்தது பூனையை!

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முஸ்லிம். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். 'நாய்' என்று சொல்லிக் கேட்காதது என் தப்பு. முன்பணத்தையும் திருப்பித் தந்துவிட்டார்.

இப்போதெல்லாம் படத்தோடு வாட்ஸ்அப் அனுப்புகிறேன்: "நாய், பதினெட்டு கிலோ, உள்ளே படுக்கும்." 'உள்ளே' முக்கியம். சில இடங்களில் அனுமதி என்றால் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கூண்டு, அவ்வளவுதான். வேலிக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுண்ணாம்புக் குன்றை ஒட்டிய வீடென்றால் குரங்கு வரும், நாய் சும்மா இருக்காது.

அன்று அம்மாவும் கூட வந்திருந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். லயத்து நாய்க்கு யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. விடிகாலையில் பால்மரக் காட்டுக்கு அவருக்கு முன்னால் ஓடுமாம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அடுக்குமாடிக்கு மாறினார்கள். நாய்க்கு அங்கே இடமில்லை. லோரிக்குப் பின்னால் ஓடி வந்ததாம். அதற்கு மேல் அம்மா சொல்ல மாட்டார்.

வேறு இடம் கிடைக்க இரவு ஒன்பதாகிவிட்டது. அதுவரை அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. பிளாக்கியின் கழுத்துப்பட்டை அவர் கையிலேயே இருந்தது.