சாஸ்தா கோயிலுக்குக் கூட்டாளிகளும் வரட்டும்

2025 ஏப்ரலில் விடுமுறைகள் அடுக்கி வந்தன. 10-ஆம் தேதி வியாழன் மகாவீர் ஜெயந்தி, மறுநாள் பங்குனி உத்திரம், பிறகு சனி, ஞாயிறு, திங்களன்று தமிழ்ப் புத்தாண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் விடுப்பு எடுத்தால் அரசு ஊழியருக்கு ஐந்து நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்தில் பூர்வீகம் உள்ள குடும்பங்களில் இது ஒரு தகராறையும் கொண்டுவந்தது. பங்குனி உத்திரம் குலசாமியான சாஸ்தாவுக்குரிய நாள். சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப் போன பங்காளிகள் ஆண்டுக்கொரு முறை ஒன்றாகப் பொங்கலிடும் நாள். கல்லூரிக் கூட்டாளிகள் வேன் பிடித்து ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகத் தோதாக இருந்ததும் அதே நாட்கள்தான். அந்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 வண்டிகள் என்று வரம்பு வந்தது. நீதிமன்றம் தலையிட்டு எண்ணிக்கை வைக்கும் அளவுக்கு மலைக்கு ஆள் போகிறது. கோயில் மரத்தடியில் பெரியவர்கள் பேத்தியும் பேரனும் வரவில்லையே என்று குறைப்படுகிறார்கள்.

இந்தக் குறையைப் பாசம் குறைந்துவிட்டது என்ற ஒரே காரணத்தில் அடைத்துவிடுகிறோம். அது தவறான கணிப்பு. பிள்ளைகள் கூட்டாளிகளைத் தேடிப் போவது, அங்கே தாங்கள் சமமாக இருக்க முடிவதால். உறவுக் கூடலில் அந்தச் சமம் இன்னும் வரவில்லை. ஒரு வேன் பயணத்தில் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே சாப்பிடுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். யாருக்கு என்ன சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் விசேஷம் ஏதும் இல்லையா என்று யாரும் பந்தியில் வைத்துக் கேட்பதில்லை. குலசாமி கோயிலில் இந்த மூன்று கேள்விகளையும் ஒரே மதியத்துக்குள் பத்துப் பேரிடம் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்பவர்களுக்கு அது அக்கறை. பதில் சொல்ல வேண்டியவருக்கு அது விசாரணை. வேலை போனவரும் மணமுறிவு ஆனவரும் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவரும்தான் முதலில் வராமல் போகிறார்கள் என்பதைக் குடும்பங்கள் கவனிப்பதே இல்லை. உறவு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களையே கூடல் விரட்டிவிடுகிறது.

பெண்களுக்கு இதைவிடக் கனமான காரணம் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுவது தெரிந்தது. ஐந்தாண்டு கழித்து 2024-இல் எடுத்த ஆய்விலும் 289-க்கு 88 என்ற இடத்தில்தான் நிற்கிறது. இது சாதாரண நாளின் கணக்கு. ஐம்பது பேர் கூடும் நாளில் விடியுமுன் எழுந்து பாத்திரம் கட்டி, அரிசி அளந்து, அடுப்பு மூட்டி, பொங்கலிட்டு, பரிமாறி, கடைசிப் பந்தியில் ஆறிய சோற்றை உண்டு, திரும்பி வந்து எல்லாவற்றையும் கழுவி வைப்பவருக்கு அது விடுமுறை ஆகாது. மருமகள் ஏன் கூட்டாளிகளோடு ஏற்காட்டுக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று கேட்பவர்கள், ஏற்காட்டில் அவளுக்கு யாரோ காப்பி கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பதை நினைக்க வேண்டும். சமையலுக்கு ஆள் வைப்பதும், பரிமாறுவதையும் கழுவுவதையும் ஆண்கள் முறை வைத்துச் செய்வதும் பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் ஆண்கள் பந்தி பரிமாறுகிறார்கள்; கோயிலிலும் முடியும்.

கோயிலின் வரிப் பட்டியலையும் பார்க்க வேண்டும். கொடை விழாவுக்கும் பூசைக்கும் தலைக்கட்டு வரி போடும்போது ஆண் வாரிசுகள் மட்டுமே தலைக்கட்டு. கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி. பிறந்த வீட்டுக் கோயிலில் அவள் விருந்தாளி. தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தி மகளுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. நாடு முழுவதும் அது வர 2005 ஆயிற்று. சொத்தில் பங்குள்ளவளுக்குப் பூசையில் பங்கில்லை என்பது எப்படிப் பொருந்தும்? ஒற்றை மகளோடு நின்றுவிடும் குடும்பங்கள் பெருகிவரும் காலத்தில், மகளைக் கணக்கில் சேர்க்காத கோயிலுக்கு அடுத்த தலைமுறையில் வரி கொடுக்க யார் இருப்பார்கள் என்பதையும் பெரியவர்கள் யோசிக்கலாம். மகளும் வரி கொடுக்கட்டும், அவள் பெயரிலும் பூசை நடக்கட்டும், அவள் பிள்ளைகளும் உரிமையோடு வரட்டும்.

இதோடு கூட்டாளிகளையும் அழைக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருவது. பிள்ளைகளை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நெருக்குவதற்குப் பதிலாக, அந்த வேனை ஒரு முறை தாமிரபரணிக் கரைக்குத் திருப்பிவிடலாம். குற்றாலமும் பாபநாசமும் மணிமுத்தாறும் கிட்டத்தில்தான் இருக்கின்றன. காலையில் சாஸ்தா கோயிலில் பொங்கல், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் ஆற்றில் குளியல் என்றால் எந்தக் கூட்டாளி வேண்டாம் என்பான்?

இதற்கு வரும் முதல் மறுப்பு, குலதெய்வம் பங்காளிகளுக்கே உரியது, அந்நியருக்கு அங்கே என்ன வேலை என்பது. பூசை முறையில் குடும்பத்துக்கென்று உள்ள உரிமையை யாரும் பறிக்க வேண்டியதில்லை; முதல் பொங்கல் யார் இடுவது என்பதைப் பங்காளிகளே முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் சோற்றுக்கு வேலி போடுவது தென்மாவட்ட வழக்கமே அல்ல. கொடைக்குப் பக்கத்து ஊர்க் கூட்டாளியைச் சாப்பிடக் கூப்பிடுவது பழைய நடைமுறை. திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலுக்கு, முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் பல ஊர்களில் ஓட்டல் நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் வந்து கூடுகிறார்கள். அங்கே சமைக்கும் பிரியாணி வந்தவர் எல்லோருக்கும் போகிறது. அதனால் அந்தக் கூடல் நீர்த்துப்போகவில்லை, பேர் பெற்றிருக்கிறது.

இந்த மறுப்புக்குள் வெளியே சொல்லாத ஒன்று இருக்கிறது, அது சாதி. வேனில் பக்கத்து இருக்கையில் இருப்பவன் என்ன சாதி, என்ன மதம் என்று பிள்ளை பார்க்கவில்லை. கோயிலுக்குக் கூட்டிவந்தால் யாராவது கேட்பார்கள் என்ற கூச்சத்தில்தான் அவன் கூப்பிடாமல் இருக்கிறான். தன் நெருங்கிய நண்பனைக் கூட்டிவர முடியாத இடத்தைத் தன் இடம் என்று அவன் எப்படி நினைப்பான்? சாஸ்தா வழிபாட்டிலேயே இதற்கு விடை உண்டு. பொதிகை அடிவாரத்துச் சொரிமுத்து அய்யனார் பல சாதிக்காரர்களுக்கும் குலசாமி. தங்கள் குலசாமி எதுவென்று மறந்துபோனவர்களும் அங்கே வந்து கும்பிடுகிறார்கள். ஒரே சாமியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், ஒரே இலை வரிசையில் உட்காருவதற்கு என்ன தடை?

இன்னொரு மறுப்பு இளையவர்களிடமிருந்தே வரும். குடும்பத்தின் கண் படாத நாலு நாள் தங்களுக்கு வேண்டும் என்பார்கள். நியாயமான தேவைதான், அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எல்லாப் பயணமும் குலசாமி கோயிலில் போய் நிற்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்று போதும். கூட்டாளியின் அம்மாவையும் சித்தப்பாவையும் நேரில் பார்த்துப் பழகியவன், நகரத்தில் ஒரு நள்ளிரவு ஆஸ்பத்திரி அவசரத்தில் வீட்டுக்குப் போன் செய்யத் தயங்கமாட்டான். ஊரிலிருந்து ரயிலேறி வந்து சேரும்வரை பெற்றவர்களுக்கு அவன்தான் துணை.

நடைமுறையில் பெரிய இடைஞ்சல் தேதிதான். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. நெல்லை, திருச்செந்தூர் வண்டிகளில் விடுமுறை நாட்களுக்கு இடம் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி உத்திரத்தை மாற்ற முடியாது, ஆனால் அது எந்தக் கிழமை என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கிறது. அம்மன் கொடை அப்படியல்ல. பல ஊர்களில் அது செவ்வாய்க்கிழமையில் வருகிறது, தேதியையும் பங்காளிகள் கூடிப் பேசிக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் சொல்கிறார்கள். அதற்குள் பெங்களூரில் இருப்பவனுக்கு டிக்கெட்டும் போயிருக்கும், விடுப்பும் போயிருக்கும். கொடைக் கூட்டத்தை மூன்று மாதம் முன்னதாகக் கூட்டித் தேதியையும் வரியையும் சமையல் ஆளையும் அன்றே முடிவு செய்யட்டும். அந்தக் கூட்டத்துக்கு வெளியூர்ப் பிள்ளைகளும் மகள்களும் போன் வழியாகவாவது வரட்டும்.