கடிதம் இப்ப எங்க நிக்குது?

"அவுட்லுக் வேலை செய்யுதில்லை." எங்கட கந்தோர்களில் இது ஒரு முழுமையான முறைப்பாடு. இதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. வயிற்றுக்குள் என்னவோ செய்யுது என்று போகிற நோயாளியிடம்கூட எங்கே நோகுது, எப்ப தொடங்கினது என்று டொக்டர் ரெண்டு கேள்வியாவது கேட்பார். அவுட்லுக்குக்கு அந்த மரியாதை கிடையாது. முதலில் கணினியை நிப்பாட்டிப் போடுவார்கள். சரிவராவிட்டால் பிளக்கைக் கழற்றிப் போடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் கந்தோரில் ஆகவும் வயது குறைஞ்ச ஆளைக் கூப்பிடுவார்கள்: "தங்கச்சி, நீர் கம்பஸ்தானே, உதை ஒருக்காப் பாரும்."

நான் படிப்பது கலைப்பீடத்தில். கம்பஸ் என்றால் கம்பியூட்டர் தெரியும் என்ற நம்பிக்கைக்கும் எனக்கும் சம்பந்தம் குறைவு. ஆனாலும் போன வருடம் உள்ளகப் பயிற்சிக்காக மூன்று மாதம் இருந்த கந்தோரில் இந்த வேலை என் தலையில்தான் விழுந்தது. அந்த மூன்று மாதத்தில் எனக்கு வந்த கருத்து ஒன்று: மின்னஞ்சல் மென்பொருளில் கை வைக்க முதல், கடிதம் இப்ப எங்க நிக்குது என்று கேட்கவேணும். அந்தக் கேள்வி இல்லாமல் செய்கிற திருத்தம் குருட்டு வைத்தியம்தான். சில வேளை அந்த வைத்தியமே கடிதத்தை அழித்துவிடும்.

தபாலில் இது எல்லாருக்கும் விளங்கும். கடிதம் மேசையில் இருக்கலாம், தபால் பெட்டியில் இருக்கலாம், உப தபாலகத்தில் கிடக்கலாம், போய்ச் சேர்ந்து மற்றவர் பிரிக்காமல் வைத்திருக்கலாம். எங்கே என்று தெரியாமல் தபால்காரரோடு சண்டைக்குப் போகமாட்டோம். மின்னஞ்சல் திரையில் இருப்பதால், 'அனுப்பு' என்பதை அமத்தியவுடன் அது போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பொத்தான் கடிதத்தை 'அவுட்பொக்ஸ்' என்ற பெட்டிக்குள் போடும். அங்கேயிருந்து சேர்வருக்குப் போகவேணும். அதற்குப் பிறகுதான் மற்றவருடைய சேர்வர், அதற்குப் பிறகுதான் அவருடைய பெட்டி.

நான் இருந்த கந்தோரில் ஒரு அக்கா மாத அறிக்கையை மூன்று தரம் அனுப்பியிருந்தார். கொழும்பில் இருந்து "வரேல்ல" என்று மூன்று தரமும் பதில். நாலாவது தரம் அனுப்ப ஆயத்தப்படும்போதுதான் அவுட்பொக்ஸைத் திறந்து பார்த்தோம். மூன்றும் அங்கேயே வரிசையாக நிக்குது. திரையின் அடியில் சின்ன எழுத்தில், இணைப்பில்லாமல் வேலை செய்கிறது என்று அவுட்லுக் எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. யாரோ எப்போதோ அந்தப் பொத்தானைத் தட்டியிருக்கிறார்கள். அதைத் திருப்பித் தட்டினவுடன் ரெண்டு கடிதம் போனது, ஒன்று போகவில்லை. அதில் படங்கள் நிறைய. படமோ ஆவணமோ மின்னஞ்சலில் போகும்போது எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டுத்தான் போகும். அதனால் அதன் அளவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடும். 20 எம்பி ஃபைல் வழியில் 27 எம்பி ஆகிவிடும். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. "20 தானே, ஏன் போகேல்ல" என்று கேட்கிற ஆக்களுக்கு இதுதான் விடை. படங்களைச் சிறிதாக்கினோம், போய்விட்டது. நிப்பாட்டிப் போட்டதால் சரிவந்தது ஒன்றுமே இல்லை.

சில வேளை பிழை எங்கட மேசையிலேயே இருக்காது. 2022 ஜனவரி 1ஆம் திகதி, சொந்தமாக எக்ஸ்சேஞ்ச் சேர்வர் வைத்திருந்த நிறுவனங்களில் உலகம் முழுக்கக் கடிதங்கள் சேர்வர் வரிசையிலேயே தேங்கி நின்றன. வைரஸ் பார்க்கிற பகுதி, திகதியை ஒரு எண்ணாக எழுதி வைக்கும். புது வருடத்தின் முதல் எண் 2,201,010,001. அந்த இடத்தில் கொள்ளக்கூடிய ஆகப் பெரிய எண் 2,147,483,647. வருடம் பிறந்ததே பிழையாகிப் போனது. அன்றைக்கு ஒருவர் தன் கணினியை நூறு தரம் நிப்பாட்டிப் போட்டிருந்தாலும் பயன் இருந்திராது.

பாஸ்வேர்ட் பிரச்சினையும் இப்படித்தான். "சரியாத்தான் அடிக்கிறன், திருப்பித் திருப்பிக் கேக்குது" என்ற புலம்பலைக் கேட்காத கந்தோர் இருக்காது. பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்து உள்ளே வருகிற பழைய முறையைக் கூகிள் தனிநபர் கணக்குகளில் 2022 மே மாதக் கடைசியில் நிறுத்தியது. அதே வருடம் ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஒன்லைன் சேவையில் நிறுத்தத் தொடங்கியது. பழைய அவுட்லுக்குக்குப் புதிய முறை தெரியாது. அது பழையபடி கதவைத் தட்டும், உள்ளே விடமாட்டார்கள். ஜிமெயில் என்றால் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, செயலிக்கென்று 16 எழுத்துப் பாஸ்வேர்ட் ஒன்று எடுத்துக் கொடுக்கவேணும். இது தெரியாமல் ஆட்கள் செய்வது, உண்மையான பாஸ்வேர்டை மாற்றுவது. அதோடு போனிலும் மற்றக் கணினியிலும் இருந்த தொடர்பும் அறுந்துவிடும். இவ்வளவு பதறத் தேவையே இல்லை. கடிதங்கள் சேர்வரில் பத்திரமாக நிக்குது, திறப்புத்தான் மாறியிருக்கு.

பதறவேண்டிய இடம் வேறு. அங்கேதான் யாரும் பதறுவதில்லை.

அவுட்லுக் கடிதங்களைக் கணினியில் ஒரு பெரிய ஃபைலாக வைத்திருக்கும். அந்த ஃபைல் ரெண்டு வகை. ஓ.எஸ்.ரி. என்று முடிந்தால் அது சேர்வரில் இருப்பதன் பிரதி. அழிந்தாலும் திரும்ப இறங்கும். பி.எஸ்.ரி. என்று முடிந்தால் அது மூலமாகவே இருக்கலாம், வேறெங்கும் பிரதி இல்லாமல். 'பொப்' முறையில் அமைத்த பழைய கணக்குகளில், சேர்வரில் ஒரு பிரதி விடு என்ற இடத்தில் சரி போடாவிட்டால் கடிதம் கணினிக்கு இறங்கின கையோடு சேர்வரில் இருந்து போய்விடும். அதாவது ஒரு கந்தோரின் ஏழெட்டு வருடக் கடிதப் போக்குவரத்து, ஒரு மேசைக்குக் கீழே, தூசி பிடித்த ஒரு பெட்டிக்குள், ஒரேயொரு ஃபைலாக இருக்கலாம். அந்த ஃபைலுக்கும் எல்லை உண்டு. அவுட்லுக் 2002 வரைக்கும் 2 ஜிபி. 2010இல் இருந்து பொதுவாக 50 ஜிபி. நிரம்பினால் புதுக் கடிதம் வராது. மின்சாரம் திடீரென்று நிண்டால் பழுதாகவும் கூடும். பழுதானால் திருத்துகிற ஸ்கான்பிஎஸ்ரி என்ற சின்னக் கருவி அவுட்லுக்கோடேயே வருகிறது. காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் முதலில் அவுட்லுக்கை மூடிவிட்டு, ஃபைலைப் பிரதி எடுத்து வேறொரு இடத்தில் வைத்துவிட்டுத்தான் அதைத் தொடவேணும்.

எங்கட ஊரில் நடப்பதோ வேறு. கடையில் இருந்து ஒரு அண்ணா வருவார். அஞ்சு நிமிசம் பார்ப்பார். "போர்மட் அடிச்சாச் சரி" என்பார். ஆவணங்கள், படங்கள் எல்லாம் எடுத்து வைப்பார், அதில் குறை சொல்லேலாது. பி.எஸ்.ரி. எங்கே இருக்கு என்று அவரும் கேட்கமாட்டார், கந்தோரிலும் யாருக்கும் தெரியாது. அடித்து முடிய அவுட்லுக் புத்தம் புதிதாகத் திறக்கும். இன்பொக்ஸ் வெள்ளையாக இருக்கும். "இப்ப நல்ல வேகம்" என்று எல்லாருக்கும் சந்தோசம்.

நான் போவதற்கு ஒரு வருடம் முதல் அந்தக் கந்தோரில் இப்படி ஒரு கணினி வெளுத்திருந்தது. அதில் என்ன போனது என்பது எனக்குத் தெரிய வந்தது ஒரு அம்மாவால். வீட்டுத்திட்டம் சம்பந்தமாக முன்னர் கொடுத்த கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டு வந்தவ. கடையில் ஸ்கான் பண்ணி, மகன் ஈமெயிலில் அனுப்பினவராம். அனுப்பின திகதியும் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தா. கந்தோரில் அந்தத் திகதிக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. "அம்மா, திருப்பி ஒருக்கா அனுப்புங்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். எரிச்சலோடு சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவவின் முறை, அந்தத் திகதியோடு சேர்ந்து போய்விட்டது. பொதுவாக இப்படிப்பட்ட பட்டியல்களில் முதல் வந்த கடிதம் முதல். ரெண்டாம் தரம் அனுப்பின கடிதத்துக்கு ரெண்டாம் தரத் திகதிதான்.

"இந்தக் காலத்தில் ஆர் அவுட்லுக் பாவிக்கினம், எல்லாத்தையும் பிறவுசரில் வைத்தால் முடிஞ்சுதுதானே" என்று என் நண்பர்கள் சொல்வார்கள். பாதி சரி. கணக்கை 'ஐமப்' முறைக்கு மாற்றி, சேர்வரில் கடிதம் தங்கும்படி வைப்பது நல்லதுதான். ஆனால் 2023 ஓகஸ்ட் 26ஐ மறக்கேலாது. அன்று இலங்கை அரசின் முகில் சேவையை ஒரு கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அரச முகவரியில் இயங்கிய சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்த வருடம் மே 17இல் இருந்து ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அந்த ஏப்ரலிலேயே முடித்துவிட்டது. இங்கே எல்லாக் கடிதமும் ஒரு மேசைக்குக் கீழே, அங்கே எல்லாக் கடிதமும் ஒரு சேர்வரில். ஒரு நோய்தான். எந்தக் கந்தோரிலாவது ஒருவருடைய அவுட்லுக்கில் பழைய பிரதி இறங்கிக் கிடந்திருந்தால், அன்றைக்கு அந்தப் பழைய மென்பொருளைத்தான் கும்பிட்டிருப்பார்கள்.

தமிழில் வேலை செய்கிற கந்தோர்களுக்கு இன்னொரு துன்பம் இருக்கு. கடிதம் வந்து சேர்ந்திருக்கும், ஆனால் கடிதமாக இருக்காது. பாமினியில் அடித்து அனுப்பினதுதான் காரணம். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. மின்னஞ்சலோடு எழுத்துருவின் பெயர் போகும், எழுத்துரு போகாது. மற்றப் பக்கத்தில் பாமினி இல்லையென்றால், போனில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கல்தான் தெரியும். தலைப்பு வரிக்கு எழுத்துருவே கிடையாது என்பதால், அங்கே பாமினி எப்பவும் கிறுக்கல்தான். "அவுட்லுக் தமிழைப் பழுதாக்குது" என்று பழி போடுவார்கள். இதைவிட மோசம், தேடல். 'காணி' என்று யுனிகோட்டில் தேடினால் பாமினியில் வந்த நூறு காணிக் கடிதத்தில் ஒன்றும் வராது. இருக்குது, ஆனால் இல்லை. யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இருந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் பாமினியை விடாமல் பிடித்திருப்பதற்கு "கை பழகிட்டுது" என்பதைத் தவிர நான் வேறு காரணம் கேட்டதில்லை. பாமினித் தட்டச்சு முறையிலேயே யுனிகோட் அடிக்கலாம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். செய்து காட்டினால் ரெண்டு நாளில் மாறிவிடுகிறார்கள்.

இதெல்லாம் பெரிய தொழில்நுட்ப அறிவு இல்லை. வாசிப்புத்தான். அவுட்லுக் ஒரு பிழைச்செய்தி போட்டால், பெரும்பாலும் அதில் பாதி விடை இருக்கும்: சேர்வரைத் தொட முடியவில்லை, ஃபைல் நிரம்பிவிட்டது, இணைப்பு பெரிது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கும். எங்கட ஆட்கள் இலையான் கலைக்கிற மாதிரி 'ஓகே'யை அடித்துக் கலைத்துவிடுவார்கள். இருபது வருடம் தமிழில் கோப்பு எழுதி அனுபவப்பட்ட ஒரு உத்தியோகத்தர், அந்த ஆங்கிலப் பெட்டிக்கு முன்னால் தன்னைச் சின்னப்பிள்ளை போல உணருகிறார். பிறகு உண்மையான சின்னப்பிள்ளையைக் கூப்பிடுகிறார். எங்களுக்கும் அது ஒரு புளுகம்தான். கதவைச் சாத்திக்கொண்டு மந்திரம் போட்ட மாதிரிச் செய்துவிட்டு எழும்பி வந்துவிடுகிறோம். என்ன செய்தோம் என்று தமிழில் நாலு வரி எழுதி வைப்பதில்லை. பயிற்சி முடிந்து நாங்கள் போக, அந்த அறிவும் எங்களோடு பஸ் ஏறிவிடும்.

ஒரு விசயம் மட்டும் உடனே செய்யலாம், காசும் தேவையில்லை. இடமாற்றம் வரும்போது எங்கட கந்தோர்களில் கையளிப்புப் பட்டியல் ஒன்று எழுதுவார்கள். கதிரைக்கு இலக்கம் அடித்திருக்கும், மின்விசிறிக்கு இலக்கம் அடித்திருக்கும், துளையிடும் கருவிகூடப் பட்டியலில் இருக்கும். அதே பட்டியலில் இன்னொரு வரி சேருங்கோ: மின்னஞ்சல் ஃபைல், அது எந்தக் கணினியில், எந்த இடத்தில், எத்தனை ஜிபி, கடைசியாகப் பிரதி எடுத்த திகதி, பிரதி ஆரிடம். கையொப்பம் போடுகிறவர் அந்த வரியை நிரப்ப முடியாமல் பேனையோடு நிக்கிற அன்றைக்காவது, ஃபைல் எங்கே என்று யாராவது தேடத் தொடங்குவார்கள்.