உச்சியை வாங்கலாம், அடித்தளத்தை வளர்க்கத்தான் வேண்டும்

2025 ஜூன் 12 அன்று நியூயார்க் மெட்ஸ் அணியின் கணக்கு 45 வெற்றி, 24 தோல்வி. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளில் அன்றைக்கு முதலிடம் அதற்குத்தான். அதன்பின் ஆடிய 93 ஆட்டங்களில் 55 தோல்வி. ஏழு ஆட்டங்களோ அதற்கு மேலோ தொடர்ந்து தோற்ற சரிவு மட்டும் மூன்று முறை வந்தது. கடைசி நாளான செப்டம்பர் 28 அன்று மயாமியில் 4-0 என்று தோற்று, 83-79 என்ற கணக்கில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியோடு சமமாக நின்றது. இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் ரெட்ஸ் முன்னிலை பெற்றிருந்ததால் பிளேஆஃப் இடம் அந்த அணிக்குப் போயிற்று. ஒரே ஒரு வெற்றி கூடுதலாகக் கிடைத்திருந்தால் கதை மாறியிருக்கும். பருவத்தின் தொடக்கத்தில் வீரர்களின் சம்பளத்துக்கு மட்டும் 32 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிய அணி இது. ஹுவான் சோட்டோவோடு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் என்று பேஸ்பால் வரலாற்றின் மிகப்பெரிய ஒப்பந்தத்தைப் போட்ட அணியும் இதுதான். கொட்டிய பணம் வீண் என்று ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை. ஆனால், அந்தக் கோபம் தவறான இடத்தில் விழுகிறது என்பதே என் கருத்து. எவ்வளவு செலவழித்தார்கள் என்பதைவிட, எந்தப் படிக்கட்டுக்குச் செலவழித்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பேஸ்பாலில் சம்பளப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே பணப்பை. அதைத் தாண்ட முடியாது. மேஜர் லீகில் அத்தகைய உச்சவரம்பு கிடையாது. ஓர் எல்லையைத் தாண்டினால் சொகுசு வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதே சமயம், இளம் வீரருக்கு அங்கே பேரம் பேசும் உரிமை எளிதில் வருவதில்லை. முதல் மூன்றாண்டுகள் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025இல் அது 7.6 லட்சம் டாலர். ஆறாண்டுகள் ஆடி முடித்த பிறகே எந்த அணியோடும் பேசும் சுதந்திரம் கிடைக்கும். அதற்குள் பலருக்கு முப்பது வயது நெருங்கிவிடுகிறது. 2025இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பால் ஸ்கீன்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்து, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான, அதாவது பந்தெறிபவருக்கான, சை யங் விருதை வென்றார். அந்த ஆண்டு அவர் பெற்ற சம்பளம் 8.75 லட்சம் டாலர். ஆகவே, சம்பளப் பட்டியலின் கூட்டுத்தொகை ஓர் அணியின் இன்றைய பலத்தை அளப்பதில்லை. வீரர்கள் முன்பு ஆடிய ஆட்டத்துக்கு இன்று கட்டும் விலையைத்தான் அது பெரும்பாலும் அளக்கிறது. சோட்டோ 19 வயதிலேயே மேஜர் லீகுக்கு வந்துவிட்டதால் 26 வயதில் சந்தைக்கு வந்தார். அவரைப் போன்றவர்கள் அரிய விதிவிலக்கு.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மெட்ஸின் ஏற்ற இறக்கம் விளங்கும். 2020 இறுதியில் ஸ்டீவ் கோஹன் சுமார் 240 கோடி டாலர் மதிப்பில் அணியை வாங்கினார். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள், லீகின் கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை வெல்லாவிட்டால் ஏமாற்றம்தான் என்று அப்போதே சொன்னார். அடுத்த ஐந்து ஆண்டுகளின் வெற்றிகள் 77, 101, 75, 89, 83. வேர்ல்டு சீரிஸ் ஆட்டம் ஒன்றைக்கூட அணி எட்டவில்லை. இதில் மிகத் தாழ்ந்த 75 வெற்றிகள் வந்த 2023தான் சம்பளப் பட்டியல் சுமார் 35 கோடி டாலரைத் தொட்ட ஆண்டு. அதற்கு மேல் சொகுசு வரியாக 10 கோடி டாலருக்கும் அதிகம். அந்த அணியின் முகங்களாக நின்றவர்கள் 38 வயது மேக்ஸ் ஷெர்சரும் 40 வயது ஜஸ்டின் வெர்லாண்டரும். ஆளுக்கு ஆண்டுக்கு 4.3 கோடி டாலருக்கு மேல். ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் முதல் நாளிலுமாக இருவரையும் டெக்சாஸ் மாநிலத்தின் இரு அணிகளுக்கு மெட்ஸ் அனுப்பிவிட்டது. அவர்களின் மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டு, ஈடாக இளம் வீரர்களைப் பெற்றது. ஷெர்சர் சேர்ந்த டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அந்த ஆண்டே வேர்ல்டு சீரிஸ் வென்றது.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2024 ஜூன் தொடக்கத்தில் 24-35 என்று தள்ளாடிய அணி, மீதி ஆட்டங்களில் 65-38 என்று எழுந்து, நேஷனல் லீக் இறுதிச் சுற்றுவரை போனது. அந்த ஆண்டும் பட்டியல் தொகை சிறியதில்லை. ஆனால், அதில் கணிசமான பங்கு ஏற்கெனவே வெளியேறியவர்களுக்காகக் கட்டிய தொகை. களத்தில் அணியைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் போன்ற பெரிய சம்பளக்காரர் உண்டு. கூடவே, மெட்ஸ் தானே தேர்ந்தெடுத்து, இளம் வீரர்கள் பயிலும் கீழ்நிலை மைனர் லீகில் வளர்த்து, அந்த ஆண்டு 27 ஹோம் ரன் அடித்த மார்க் வியென்டோஸும், குறுகிய கால ஒப்பந்தத்தில் வந்த பிட்சர்கள் லூயிஸ் செவரினோவும் ஷான் மனாயாவும் உண்டு. மேலே ஒரு நட்சத்திரம், கீழே உறுதியான பலர் என்ற அமைப்பு தற்செயலாக வாய்த்த ஆண்டு அது. தற்செயலை நிரந்தரமாக்க வேண்டிய அடுத்த ஆண்டில்தான் அணி தவறியது.

2025இன் சரிவு மட்டையாளர்களால் வந்ததில்லை. சோட்டோ 43 ஹோம் ரன் அடித்து 38 பேஸ்களைத் திருடினார். பீட் அலோன்சோ 38 ஹோம் ரன். லிண்டோர் 31 ஹோம் ரன், 31 திருட்டு. உடைந்தது பந்துவீச்சு. ஜூன் நடுப்பகுதிவரை மெட்ஸின் தொடக்கப் பிட்சர்களே லீகில் முதன்மையானவர்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.47 ரன் என்று அபாரமாக எறிந்துகொண்டிருந்த கோடாய் செங்கா, அதே ஜூன் 12 அன்று முதல் பேஸை நோக்கி ஓடியபோது தொடைத்தசையில் காயமுற்றார். திரும்பி வந்தபின் பழைய ஆட்டம் வரவே இல்லை. கிரிஃபின் கேனிங்குக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. மனாயாவும் ஃபிராங்கி மோன்டாஸும் பருவம் தொடங்கும்போதே காயத்தில் இருந்தார்கள். கடைசியில் மெட்ஸ் ஒரே பருவத்தில் 46 பிட்சர்களைக் களமிறக்கி லீக் சாதனை படைத்தது. எந்த அணியும் விரும்பாத சாதனை அது. ஜூலை இறுதியில் மூன்று இளம் வீரர்களைக் கொடுத்து வாங்கிய ரயன் ஹெல்ஸ்லி, மெட்ஸ் சீருடையில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 7.20 ரன் விட்டுக்கொடுத்தார். அதே வேளையில், மைனர் லீகிலிருந்து ஆகஸ்ட் 16 அன்று அழைக்கப்பட்ட நோலன் மெக்லீன், தான் தொடங்கிய எட்டு ஆட்டங்களில் 2.06 என்ற சராசரியில் நின்றார். அணியின் இறுதி வாரங்களைத் தாங்கிய தோள், சம்பளப் பட்டியலின் கடைசி வரியில் இருந்த இளைஞரின் தோள்.

காயங்கள் கெட்ட நேரத்தால் வந்தவை, அதற்கு நிர்வாகத்தை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். எந்தப் பிட்சருக்குக் காயம் வரும் என்பது யாருக்கும் தெரியாதுதான். யாருக்காவது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 162 ஆட்டம் என்றால் ஓர் அணி எறிய வேண்டியது ஏறக்குறைய 1,450 இன்னிங்ஸ். இன்றைய முதல்தரப் பிட்சர்கூட ஒரு பருவத்தில் 200 இன்னிங்ஸைத் தொடுவது அரிது. அதாவது, உலகின் சிறந்த கை கிடைத்தாலும் அது சுமப்பது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. மட்டையாளர் எவ்வளவு பெரியவரானாலும் ஒன்பது பேருக்கு ஒருமுறைதான் அவருக்கு முறை வரும். ஐந்து பேர் ஆடும் கூடைப்பந்தில் ஒரு நட்சத்திரம் ஆட்டத்தையே தன் கையில் வைத்திருக்கலாம். பேஸ்பாலின் அமைப்பே அதை அனுமதிப்பதில்லை. ஆறு மாதப் பருவத்தின் விதியை எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது பிட்சர்கள் எழுதுகிறார்கள். அந்த இடங்களை நம்பிக்கையின்பேரில் விட்டுவைத்தால் விதியை நொந்து பயனில்லை.

வலுவான மறுப்பு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வருகிறது. ஷோஹேய் ஓடானிக்கு 70 கோடி, யோஷினோபு யமமோட்டோவுக்கு 32.5 கோடி என்று டாட்ஜர்ஸ் அணியும் பணத்தைக் கொட்டியது. 2024, 2025 என இரண்டு வேர்ல்டு சீரிஸையும் அடுத்தடுத்து வென்றது. பணம்தான் வெல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்கிறார்கள். பணம் பெரிய காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. யமமோட்டோ இல்லாமல் 2025 கோப்பை இல்லை. ஆனால், டொரன்டோவுக்கு எதிரான அந்த ஏழாவது ஆட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது இன்னிங்ஸில் தோல்வியின் விளிம்பில் சமன் செய்த ஹோம் ரன்னை அடித்தவர், நட்சத்திரப் பட்டியலில் எங்குமே இல்லாத மூத்த வீரர் மிகேல் ரோஹாஸ். பதினொன்றாவது இன்னிங்ஸில் வெற்றி ரன்னைத் தந்தவர், 2016இல் டாட்ஜர்ஸ் தேர்ந்தெடுத்துத் தானே வளர்த்த வில் ஸ்மித். டாட்ஜர்ஸிலும் பிட்சர்கள் வரிசையாகக் காயமுற்றார்கள். அடுத்த கை எப்போதும் தயாராக இருந்தது. உச்சியில் போட்ட பணம் பலித்ததற்குக் காரணம், அடியில் பல ஆண்டுகளாகக் கட்டிய திண்ணமான தளம்.

நேர் எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் உண்டு. மில்வாக்கி ப்ரூவர்ஸ் 2025இல் 97 ஆட்டங்களை வென்று லீகிலேயே முதலிடம் பிடித்தது. அதன் சம்பளச் செலவு மெட்ஸ் செலவில் பாதியைக்கூட எட்டாது. அப்படியானால் சிக்கனமே சிறந்தது, சோட்டோவுக்குக் கொடுத்தது வீண் என்பது அந்த வாதம். இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்கீன்ஸ் போன்ற ஒரு மாணிக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஆண்டில் பைரேட்ஸ் 71-91 என்று முடித்தது. வளர்த்த பயிருக்குத் துணையாக எதையும் வாங்காத அணி வளர்ப்பையே வீணடிக்கிறது. ப்ரூவர்ஸும் அந்த அக்டோபரில் டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்து வெளியேறியது. சிக்கனம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் உரிமையாளர்களுக்கு ரசிகர்கள் கைதட்டக் கூடாது. இன்னொன்று, மைனர் லீக் விளைச்சல் ஏழை அணிகளின் தேவை என்று நினைப்பதே தவறு. 2025இல் சொகுசு வரியின் முதல் எல்லை 24.1 கோடி டாலர். ஆண்டுதோறும் எல்லை தாண்டிவந்த மெட்ஸ், 30.1 கோடிக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்ட வேண்டும். சந்தையில் வாங்கும் வீரருக்கு இரட்டை விலைக்கு மேல் கொடுக்கும் அணி அது. தானே வளர்த்த மெக்லீன் போன்றவருக்கோ குறைந்தபட்சச் சம்பளமும் அதற்கான வரியும் போதும். கணக்குப்படி பார்த்தால், வளர்ப்பின் பலன் மற்ற எவரையும்விடப் பணக்கார அணிக்கே அதிகம்.

இந்த விவாதம் ஓர் அணியோடு முடிவதும் இல்லை. வீரர்கள் சங்கத்துக்கும் லீகுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று காலாவதியாகிறது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் மீண்டும் எழுந்திருக்கிறது. 1994இல் இதே கோரிக்கையை உரிமையாளர்கள் முன்வைத்தபோது வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸே நடக்கவில்லை. சிறு நகரங்களின் அணிகளுக்கும் வாய்ப்பு வேண்டும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால், பெருஞ்செலவு வெற்றியை வாங்கிவிடாது என்பதற்கு மெட்ஸைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். யாங்கீஸ் 1998 முதல் 2000வரை தொடர்ந்து வென்றபின், எந்த அணியும் அடுத்தடுத்து இருமுறை வெல்ல 2025வரை ஆயிற்று. மேலே உச்சவரம்பு போட்டால் சோட்டோக்களின் சம்பளம் குறையும். ஸ்கீன்ஸ்களின் சம்பளம் தானாக உயர்ந்துவிடாது. சீர்திருத்தம் வேண்டுமென்றால் அது இளம் வீரரின் முதல் ஆறாண்டுகளில் தொடங்கட்டும். கூடவே, மற்ற அணிகளிடமிருந்து வருவாய்ப் பங்கு பெறும் உரிமையாளர்கள் அதைக் களத்தில் செலவழிக்கும் கட்டாயமும் வரட்டும்.

2025 முடிந்த கையோடு அலோன்சோ 15.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பால்டிமோருக்குப் போய்விட்டார். ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துத் தந்த எட்வின் டியாஸ் டாட்ஜர்ஸுக்கே போய்விட்டார். நேசித்த முகங்கள் மறைவது ரசிகருக்கு வலிதான். அந்த வலியில் இன்னொரு பெரிய பெயரைக் கேட்பதும் இயல்பே. ஆனால், மெட்ஸ் கடைசியாக வேர்ல்டு சீரிஸ் வென்ற 1986 எப்படி அமைந்தது என்பதை மறக்கக் கூடாது. டுவைட் கூடனையும் டாரில் ஸ்ட்ராபெரியையும் பதின்வயதில் தேர்ந்தெடுத்து வளர்த்தது அணி. அவர்கள் பழுத்துவந்த வேளையில் கீத் ஹெர்னாண்டஸையும் கேரி கார்ட்டரையும் வெளியிலிருந்து கொண்டுவந்தது. வளர்ப்பு முதலில், வாங்கல் அதன்மேல் என்ற அந்த வரிசையைத்தான் இப்போதும் கேட்க வேண்டும். மெக்லீனுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் தடுமாறினால் அடுத்தவர் யார், பயிற்சியாளர்களுக்கும் காயத் தடுப்புக்கும் எவ்வளவு போகிறது? சோட்டோவின் ஒப்பந்தம் முடிய இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பெரும் முதலீடு பலிக்குமா என்பதை, அவருக்குப் பின்னால் பந்தெறிய வரும் பெயர் தெரியாத இளைஞர்கள்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.