வில்லங்கம் எந்தப் பக்கத்துல இருக்கு?

டி.பி.எம்.எஸ். புத்தகத்துல 'சீக்வென்ஷியல் ஃபைல்'னு ஒரு பாடம் வரும். படிக்க ஆரம்பிச்சா கொட்டாவிதான். ஆனா பாஸ், அதே பாடம்தான் உங்க வீட்டுப் பத்திரத்துக்குப் பின்னாலயும் இருக்கு!

உங்க அப்பா தச்சநல்லூர்ல அஞ்சு சென்ட் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறார்னு வெச்சுக்குவோம். "30 வருஷத்துக்கு ஈ.சி. போட்டுப் பாத்தியளா அண்ணாச்சி?"ன்னு டீக்கடையில நிக்கிற ஆள்கூடக் கேட்பார். ஈ.சி.ன்னா வில்லங்கச் சான்று. அந்த இடத்தை யார் யாருக்கு வித்தாங்க, அடமானம் வெச்சாங்களானு காட்டுற லிஸ்ட்.

1908-ம் வருஷப் பதிவுச் சட்டப்படி, நிலம் வீடு சம்பந்தமான பத்திரங்கள் '1-ம் புத்தகம்'ங்கிற பதிவேட்டுல ஏறும். ஜனவரியில 1-ல ஆரம்பிச்சு, வருஷக் கடைசி வரைக்கும் வரிசையா நம்பர். நடுவுல ஒரு பக்கம் செருக முடியாது. எழுதினதை உருவவும் முடியாது. விற்பனையை ரத்து பண்ணினாக்கூட, அந்த ரத்துப் பத்திரம் புது நம்பரோட கடைசியிலதான் சேரும். அசல் சீக்வென்ஷியல் ஃபைல்!

நம்பரும் வருஷமும் தெரிஞ்சா பத்திரத்தை டக்குனு எடுத்துடலாம். ஆனா அப்பா கேட்கிறது சர்வே நம்பரை வெச்சு. அடுக்கினது ஒரு வரிசையில, தேடுறது வேற வரிசையில. வருஷத்துக்கு 3,000 பத்திரம்னு ஒரு பேச்சுக்கு வெச்சா, 30 வருஷத்துக்கு 90,000. ஒண்ணு கிடைச்சதும் நிறுத்தவும் முடியாது, அடுத்த பக்கத்துல ஒரு அடமானம் இருக்கலாமே! 'வில்லங்கம் எதுவும் இல்லை'னு சொல்லணும்னா கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டியே ஆகணும்.

மேக்னடிக் டேப் காலத்துக் கம்ப்யூட்டருக்கும் இதே தலைவலிதான். முன்னால இருக்கிறதை ஓட்டித் தள்ளாம பின்னால போக முடியாது. 1956-ல ஐ.பி.எம். டிஸ்க்கைக் கொண்டுவந்த பிறகுதான் வேணுங்கிற இடத்துக்குத் தாவ முடிஞ்சுது.

பதிவு ஆபீஸ் ஆளுங்க அதுக்கெல்லாம் காத்திருக்கலை. சட்டத்துலயே இண்டெக்ஸ் இருக்கு. ஆள் பேருக்கு ஒண்ணு, சொத்து விவரத்துக்கு ஒண்ணு. இண்டெக்ஸ்ல சர்வே நம்பரைப் பார்த்து, அது காட்டுற பக்கத்தை மட்டும் புரட்டினாப் போதும். கம்ப்யூட்டர்ல வரிசைப்படுத்தின இண்டெக்ஸ்னா இன்னும் ஜோர். நடுவுல பார்த்து, பாதியைத் தள்ளி, மறுபடி பாதியைத் தள்ளினா, 90,000 பதிவுக்கும் 17 தடவை பார்த்தாப் போதும். சந்தேகமா? கால்குலேட்டர்ல 2-ஐ 17 தடவை பெருக்கிப் பாருங்க. 2018-ல 'ஸ்டார் 2.0' வந்த பிறகு ஈ.சி.யை வீட்டுல உட்கார்ந்தே ஆன்லைன்ல பார்க்கிறோம்னா, அந்தப் புண்ணியத்துல பாதி இண்டெக்ஸுக்கு.

ஆனா இண்டெக்ஸ் நீங்க கொடுக்கிற நம்பரைத்தான் தேடும், உங்க மனசுல இருக்கிறதை இல்லை. தச்சநல்லூர் 1994-லேர்ந்து நெல்லை மாநகராட்சிக்குள்ள இருக்கு. வயலா இருந்தப்போ ஒரு சர்வே நம்பர், மனையாப் பிரிச்சப்போ உட்பிரிவு நம்பர், நகர அளவையில வேற நம்பர்னு ஒரே மண்ணுக்கு மூணு பேர் இருக்கலாம். புது நம்பரை மட்டும் கொடுத்தா, பழைய நம்பர்ல ஏறின அடமானம் கண்ணுல படாமலே போகலாம். சான்று பளிச்னு சுத்தமா வரும், அப்பா அட்வான்ஸைக் கொடுத்துடுவார்!

இன்னொண்ணு. உயில் ஏறுறது 3-ம் புத்தகத்துல. ஈ.சி. தேடுறது 1-ம் புத்தகத்தை. அந்த ஃபைலைத் திறக்கவே இல்லைங்கும்போது எந்த அல்காரிதம் வந்து என்ன பண்ணும்? பதிவே பண்ணாத பத்திரம்னா சுத்தம், எந்த ஃபைல்லயும் இருக்காது.

அதனால அப்பா கிளம்புறப்போ தாய்ப்பத்திரத்தை வாங்கி, அதுல இருக்கிற பழைய நம்பர், புது நம்பர் எல்லாத்தையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தாத காலத்துக்கும் சேர்த்துப் பார்க்கணும்னா சார்பதிவாளர் ஆபீஸுக்கே மனு போடணும். அங்கே இன்னமும் பக்கத்தைப் புரட்டித்தான் தேடணும்.