நாற்றங்காலும் நாணயமும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் அங்கத்தினர்கள் அண்மைக் காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, காய்கறி நாற்றுப் பண்ணை வைக்கலாம் என்றிருக்கிறேன். நிழல்வலைக் கூடம் போடச் சங்கத்தில் கடன் கிடைக்குமா?" என்பதே அது. விவசாயிகள் மட்டுமல்லர், மழைக் காலத்தில் பாவு போட வழியின்றித் தறி நின்றுபோகும் நெசவாளர் குடும்பத்தாரும் இதனைக் கேட்கின்றனர். தொழில் நல்ல தொழில்தான். ஆனால் கேள்வி தலைகீழாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கூடத்துக்குக் கடன் கிடைக்குமா என்பதற்கு முன், நாற்றை வாங்க ஆள் உண்டா என்று கேட்க வேண்டும்.

முதலில் தொழிலின் அளவைப் பார்ப்போம். தக்காளியை 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 15,000 நாற்றுகள் வேண்டும். 98 குழிகள் உள்ள தட்டு ஒன்றில் நூற்றுக்கு 85 வீதம் தேறினால் 83 நாற்றுகள் கிடைக்கும். ஆகவே ஓர் ஏக்கருக்குச் சுமார் 180 தட்டுகள் போதும். அவற்றை நடைபாதை விட்டு வரிசையாக அடுக்க ஒரு சென்ட் நிலமே போதுமானது. தட்டுக்கு ஒன்றேகால் கிலோ வீதம் ஏறக்குறைய 225 கிலோ மக்கிய தென்னைநார்க் கழிவு செலவாகும். வீட்டுக் கொல்லையில் ஒரு சென்ட் இடமும் நல்ல தண்ணீரும் உள்ளவர் எவரும் இதனைத் தொடங்கலாம். பெரிய கூடம் எதற்கு?

கூடம் முந்தி, வாடிக்கை பிந்தி என்று தொடங்கியவர் ஒருவரை நான் அறிவேன். கடன் வாங்கிப் பெரிய கூடம் அமைத்தார். கூடம் காலியாக இருக்கிறதே என்று தட்டுகள் அனைத்திலும் ஒரே வாரத்தில் தக்காளி விதைத்தார். நாற்று 25ஆம் நாளில் தயாராயிற்று; மழையோ வரவில்லை. நடுவதற்கு எவரும் நிலத்தை உழவில்லை. 40ஆம் நாளில் நாற்று நீண்டு வெளுத்து, வேர் குழிக்குள் சுருண்டு, எருக்குழிக்குப் போயிற்று. அவர் சோம்பேறியல்லர், தொழில் தெரியாதவருமல்லர். நெய்த துணி ஆறு மாதம் அலமாரியில் காத்திருக்கும். நாற்று ஆறு நாள் கூடக் காத்திருக்காது என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே என் முதல் யோசனை இது: முன்பதிவு பெற்ற பின்னரே விதைக்க வேண்டும். எவர், எந்த ரகம், எத்தனை நாற்று, எந்தத் தேதியில் நடவு என்று எழுதி வாங்கி, விலையில் கால் பங்கை முன்பணமாகப் பெற வேண்டும். தக்காளிக்கு 25 நாள், கத்திரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் என்று நடவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும்.

வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை சில. தென்னைநார்க் கழிவை மக்கச் செய்து, உப்புப் போகக் கழுவியே பயன்படுத்த வேண்டும். விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது நாற்றழுகலைத் தடுக்க உதவும்; எனினும் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் ஊற்றுபவரை எந்த மருந்தும் காப்பாற்றாது. தக்காளியில் இலைச் சுருட்டை நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. பூச்சி புகாத நைலான் வலையில் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பவர், நோயை நாற்றோடு சேர்த்து விற்பவராவார். அனுப்புவதற்கு மூன்று நான்கு நாள் முன்பு தண்ணீரைக் குறைத்து, வெயிலில் பழக்கிய நாற்றே வயலில் பிழைக்கும்.

இனி, இத்தொழிலின் உயிரான விஷயத்துக்கு வருகிறேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ரகக் கலப்பு முளையில் தெரிவதில்லை. இரண்டு மாதம் கழித்து, பூத்துக் காய்க்கும்போது, பிறர் வயலில்தான் தெரியும். அதற்குள் உழவு, உரம், கூலி, தண்ணீர் எல்லாம் செலவாகிவிடும். பாவில் ஓர் இழை தவறினால் துணி முழுவதும் தெரியும் என்பதை நெசவாள அன்பர்கள் அறிவர். நாற்றுக்காரர் விற்பது செடியன்று. வாங்குபவரின் ஒரு போகத்தை. எனவே விதைப் பொட்டலத்தின் உறை, ரசீது, குவியல் எண், விதைத்த தேதி ஆகியவற்றைப் பாதுகாத்து, ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது தர வேண்டும். 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் நாற்றையும் 'விதை' என்ற சொல்லில் அடக்குகிறது. 1983ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை விற்பனைக்கு உரிமம் கோருகிறது. சிறிய பண்ணைதானே என்று இதனை ஒதுக்கிவிடலாகாது.

கணக்கிலும் ஓர் எச்சரிக்கை. பலர் செலவை விதைத்த குழிகளால் வகுத்து விலை வைக்கின்றனர். விற்ற நாற்றுகளால் வகுக்க வேண்டும். 98 குழி விதைத்து 70 நாற்றே விற்றால், 98க்கு ஆன செலவை அந்த 70தான் சுமக்கிறது. வீட்டுப் பெண்களின் உழைப்புக்கும் கூலி எழுத வேண்டும். அதை எழுதாத கணக்கில் தோன்றும் லாபம் லாபமாகாது.

ஓசூர், இராயக்கோட்டைப் பக்கத்துப் பெரிய பண்ணைகளோடு நாம் போட்டியிட முடியுமா என்று சிலர் கேட்கலாம். வீரிய ஒட்டுத் தக்காளியில் விலைக்கு விலை போட்டியிடுவது கடினமே. ஆனால் லாரியில் பல மணி நேரம் வாடிவரும் நாற்றுக்கும், காலையில் எடுத்து மாலையில் நடும் நாற்றுக்கும் வேற்றுமை உண்டு. மேலும் இலவம்பாடி முள்ளுக்கத்திரி, இராமநாதபுரம் முண்டு மிளகாய் போன்றவை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தந்த வட்டாரத்தின் நாட்டு ரகங்களைத் தூய்மையாகக் காத்து நாற்றாக்கித் தருவது உள்ளூர்ச் சிறு பண்ணைக்கே உரிய பணி.

சங்கம் செய்யக்கூடியது என்ன? கூடத்தின் அளவைப் பார்த்துக் கடன் தருவதை விட, கையிலுள்ள முன்பதிவைப் பார்த்துக் கடன் தருவது மேல் எனக் கருதுகிறேன். இரண்டாவதாக, நாற்று வாங்குபவர் "அறுவடையில் தருகிறேன்" என்று சொல்வது வழக்கம். அந்தக் கடனைச் சிறு பண்ணைக்காரர் தாங்கமாட்டார். பயிர்க்கடன் பெறும் அங்கத்தினரின் சம்மதத்துடன், நாற்றுக்கான தொகையைச் சங்கமே பண்ணைக்கு நேரில் செலுத்த ஏற்பாடு செய்யலாம். வாங்குபவரும் விற்பவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினராயிருக்கையில், இடையில் வட்டிக்காரர் எதற்கு?

அடுத்த பொதுக்குழுவில் இதனை விவாதத்துக்குக் கொண்டு வருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறேன். அதுவரை, ஆவலுள்ளவர் 20 தட்டுகளோடு, அடுத்த வீட்டு விவசாயி இருவரின் பதிவோடு தொடங்கட்டும். அவ்விருவரும் மறு போகத்துக்குத் தாமே தேடி வந்தால், அப்பொழுது கூடத்தைப் பற்றிப் பேசலாம். கடன் மனுவோடு அந்த ரசீதுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.